நடுவதற்கு முன் மண்ணைப் படிப்போம்

வங்கக் கடலை ஒட்டித் தெற்கு நோக்கி நீண்டு வரும் சோழமண்டலக் கரை, கோடியக்கரையில் சட்டென்று மேற்கே திரும்புகிறது. கிழக்கே வங்கக் கடல், தெற்கே பாக் நீரிணை, நடுவில் மணலும் சேறும் மாறிமாறிப் படிந்த தாழ்ந்த நிலமுனை. இங்கே மணல்மேட்டின் மேல் என்றும் பச்சை மாறாத உலர்காடு இருக்கிறது. அதை அடுத்து வெளிமான்கள் மேயும் புல்வெளி. அதற்கு அப்பால் உப்பளங்களும் வேதாரண்யச் சதுப்பின் சேற்றுப் பரப்பும். இன்னும் மேற்கே போனால் முத்துப்பேட்டையின் அலையாத்திக் காடு. 1967இல் வனவிலங்குச் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட கோடியக்கரை, 2002இல் முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டையும் சேர்த்து 38,500 ஹெக்டேர் பரப்புடன் தமிழ்நாட்டின் முதல் ராம்சார் ஈரநிலமானது. இந்த நிலத்தை ஒருமுறை கூர்ந்து பார்த்தாலே ஓர் உண்மை விளங்கும். ஒவ்வொரு மண்ணும் தனக்குரிய செடியை மட்டுமே ஏற்கிறது. சில இடங்களில் மரம் இல்லாமல் இருப்பதுதான் இயற்கையின் ஏற்பாடு. ஊர் கூடி மரம் நடுவதில் இளைஞர்களுக்கு என்ன பங்கு என்று பேசுகிறோம். அந்தப் பங்கை அவர்கள் ஒரே நாளில் நட்ட கன்றுகளை எண்ணி அளக்கக் கூடாது. மண்ணைப் படித்து, விதை சேர்த்து, ஆண்டுக்கணக்கில் கவனித்துக் குறித்து வைப்பதில்தான் அவர்களின் உண்மையான பங்கு இருக்கிறது. இதைக் கோடியக்கரை அளவுக்குத் தெளிவாகச் சொல்லித்தரும் ஊர் காவிரி டெல்டாவில் வேறில்லை.

முதலில் காலத்தை எடுத்துக்கொள்வோம். பள்ளிகளிலும் கல்லூரிகளிலும் மரம் நடும் விழா பெரும்பாலும் ஜூன் 5ஆம் தேதி, உலகச் சுற்றுச்சூழல் நாளன்று நடக்கிறது. ஜூலை முதல் வாரத்து வன மகோத்சவத்தில் இன்னொரு சுற்று. தென்மேற்குப் பருவமழை கொட்டும் கேரளத்துக்கும் மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்துக்கும் இந்த நாட்கள் பொருந்தும். நாகப்பட்டினக் கரைக்குப் பொருந்தாது. இங்கே ஆண்டு மழையில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான மூன்று மாதங்களில் பெய்துவிடுகிறது. ஜூன் மாதத்தில் கத்திரி வெயில் முடிந்த சூடு மணலில் அப்படியே கிடக்கும். மேற்கிலிருந்து வரும் வறண்ட காற்று இலையின் ஈரத்தை உறிஞ்சும். நாற்றங்காலில் நிழலில் வளர்ந்த கன்றுக்கு வேர் ஒரு சாண் ஆழம்தான். அதைச் சுற்றியுள்ள மணல், ஊற்றிய தண்ணீரைச் சில மணி நேரத்தில் கீழே விட்டுவிடும். மழை வர இன்னும் நான்கு மாதம் இருக்கிறது. அந்தக் கன்று ஐப்பசியைப் பார்ப்பதே அரிது. அதே கன்றைப் புரட்டாசிக் கடைசியில், முதல் மழை மண்ணை நனைத்த பின் நட்டால், மூன்று மாத மழையில் வேர் ஈரத்தைத் தேடிக் கீழே இறங்கிவிடும். தை மாதத்துக்குள் தன் காலில் நிற்கும். காலாண்டுத் தேர்வு விடுமுறையும் அந்த நாட்களை ஒட்டியே வருகிறது. ஆடிப்பட்டம் தேடி விதைக்கும் உழவருக்கு இந்தக் கணக்கு புதிதல்ல. மரத்துக்கும் பட்டம் உண்டு என்பதை விழா நாட்காட்டி மறந்துவிட்டது, அவ்வளவுதான்.

காலத்தை விடப் பெரிய பாடம் இடம். கோடியக்கரைக்கு அடையாளமான விலங்கு வெளிமான். அதன் பெயரிலேயே அறிவியல் இருக்கிறது: வெளியில், அதாவது திறந்த பரப்பில், வாழும் மான். புள்ளிமானைப் போல மறைவில் ஒதுங்கிப் பிழைக்கும் உயிர் அன்று இது. தொலைவிலேயே பகையைக் கண்டு, வேகத்தால் தப்புவது இதன் வழி. குட்டையான புல்லும் மறைப்பில்லாத பார்வையும் இதன் உயிர்த்தேவை. இந்தப் புல்வெளிக்குள் வந்து சேர்ந்தது சீமைக் கருவேல். மத்திய, தென் அமெரிக்காவைச் சேர்ந்த இந்த மரம் 1870களில் சென்னை மாகாணத்தின் கடப்பைப் பகுதியில் அறிமுகமானது. விறகுப் பஞ்சம் தீரும், வறண்ட நிலம் பச்சையாகும் என்ற நல்ல எண்ணத்தில்தான் அதைப் பரப்பினார்கள். ஆனால் அதன் இனிப்பான நெற்றை ஆடுமாடும் தின்கின்றன, வெளிமானும் தின்கிறது. கடினமான தோல் கொண்ட விதை குடலில் செரிக்காமல் சாணத்தோடும் புழுக்கையோடும் வெளியேறி, எருவோடு சேர்ந்தே முளைக்கிறது. இப்படி வெளிமானே தன் புல்வெளியை அழிக்கும் மரத்துக்கு விதைப்பாளி ஆகிவிட்டது. வெட்டினால் அடிக்கட்டையிலிருந்து பல கிளையாகத் தழைக்கும். வேரோடு பிடுங்கினாலும் மண்ணில் கிடக்கும் விதை பல ஆண்டுகள் உயிரோடு காத்திருக்கும். இதன் நிழலில் புல் மெலிகிறது, முள் பாதையை அடைக்கிறது, பார்வை மறைகிறது. வனத்துறை பகுதி பகுதியாக இதை அகற்றிக்கொண்டே இருக்கிறது. அதுவும் மீண்டும் மீண்டும் முளைத்துக்கொண்டே இருக்கிறது.

சீமைக் கருவேலைக் குறை சொல்லும்போது எழும் எதிர்வாதத்தை ஒதுக்கிவிட முடியாது. நிலமற்ற குடும்பங்களுக்கு அதுதான் அடுப்புக்கு விறகு. கரிமூட்டம் போடுவோருக்கு அதுதான் கூலி. உவர் மண்ணில் வேறு எதுவும் வளராத இடத்தில் அது வளர்ந்து பசுமை தருகிறதே என்றும் கேட்பார்கள். இதில் நியாயம் இருக்கிறது. ஆகவே ஊருக்கு வெளியே, தரிசிலும் வேலியோரத்திலும் நிற்பதை ஒரே நாளில் ஒழிக்க வேண்டும் என்ற வெறி தேவையில்லை. விறகுக்கு மாற்று வழி செய்துகொண்டு படிப்படியாகக் குறைப்பதே முறை. ஆனால் புல்வெளியும் நீர்வழியும் சதுப்பும் அதற்குரிய இடங்கள் ஆகா. இளைஞர்கள் இதிலிருந்து கற்க வேண்டியது ஒன்று உண்டு. சீமைக் கருவேலைப் பரப்பியவர்கள் கெட்டவர்கள் அல்லர், மரம் நட்டவர்கள். எந்த மரம், எந்த மண்ணில், எந்த உயிருக்கு அருகில் என்று கேட்காமல் நட்டவர்கள். அந்தக் கேள்வியைக் கேட்காமல் நடுவோருக்கு இன்றும் அதே தவறு நேரலாம். நூறாண்டு கழித்து அதைப் பிடுங்கும் வேலை இன்னொரு தலைமுறையின் தலையில் விழும்.

சேற்றுப் பரப்புக்கு வருவோம். மழைக்காலம் தொடங்கியதும் சைபீரியத் தூந்திரத்திலிருந்தும் மத்திய ஆசியாவிலிருந்தும் கரையோரப் பறவைகள் இங்கே வந்து இறங்குகின்றன. பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தினர் பல்லாண்டுகளாக இவற்றுக்குக் கால்வளையம் இட்டு வலசையைத் தடமறிந்து வருகிறார்கள். இவற்றுள் கொசு உள்ளான் 25 கிராம் அளவே எடை கொண்டது. ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் பறந்து வந்த அந்தச் சிறு உடல், சேற்றில் நெளியும் புழுவையும் நுண்ணிய ஓட்டுயிரிகளையும் தின்றுதான் திரும்பும் பயணத்துக்கான கொழுப்பைச் சேர்க்கிறது. பூநாரைகளும் இதே ஆழமில்லா நீரைத் துழாவி உண்கின்றன. பார்ப்பவர் கண்ணுக்கு இது வெற்றுச் சேறு. ஏதாவது நட்டால் நன்றாக இருக்குமே என்று தோன்றும். நட்டுவிட்டால் என்ன ஆகும்? வேர்கள் சேற்றைப் பிடித்து இறுக்கும், நீர் ஓட்டம் மாறும், வல்லூறு மறைந்து வர இடம் கிடைக்கும். திறந்த வெளியை நம்பும் பறவைகள் அந்த இடத்தை விட்டு நீங்கும். மரம் இல்லாத இந்தச் சேறும் ஒரு முழுமையான வாழிடமே. அதைக் குறையாகப் பார்க்காத கண்ணை இளமையிலேயே பெற வேண்டும்.

தவறான இடத்தில் நட்டால் கன்றுகளும் பிழைப்பதில்லை. பாக் நீரிணைக்கு அக்கரையில் இருக்கும் இலங்கையே இதற்குச் சான்று. 2004 சுனாமிக்குப் பின் அங்கே கரையெங்கும் அலையாத்தி நடும் திட்டங்கள் பெருகின. பல ஆண்டுகள் கழித்து ஆய்வாளர்கள் 23 திட்ட இடங்களுக்குச் சென்று பார்த்தார்கள். 2017இல் வெளியான அந்த ஆய்வின்படி, ஆயிரம் ஹெக்டேருக்கு மேல் நட்டதில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு பரப்பே தேறியிருந்தது. ஒன்பது இடங்களில் ஒரு கன்றுகூட இல்லை. பாதிக்கு மேல் பிழைத்த இடங்கள் மூன்றே மூன்று. காரணங்களும் தெளிவாகவே தெரிந்தன: கடல் ஏற்றத்தின் அளவு பார்க்காமல் தாழ்ந்த இடத்தில் நட்டது, அந்த இடத்துக்கு ஒவ்வாத இனத்தைத் தேர்ந்தது, மாடுகள் மிதித்தது, நட்டபின் யாரும் திரும்பிப் பார்க்காதது. எங்கே பின்கவனிப்பு இருந்ததோ அங்கே கன்றுகள் பிழைத்திருந்தன. பிலிப்பைன்ஸில் பெருஞ்செலவில் நட்ட அலையாத்திகளும் நீண்டகால நோக்கில் பத்து, இருபது விழுக்காடு அளவே பிழைத்தன என்று 2008ஆம் ஆண்டு ஆய்வு ஒன்று சொல்கிறது. நடும் நாளில் எடுத்த படத்தில் இந்தக் கணக்கு தெரியாது. ஐந்தாம் ஆண்டில் போய்ப் பார்ப்பவருக்கே தெரியும்.

முத்துப்பேட்டை இதற்கு நேர்மாறான, நம்பிக்கை தரும் சான்று. ஆங்கிலேயர் காலத்திலிருந்து அங்கே அலையாத்தியைப் பட்டை பட்டையாக மொத்தமாக வெட்டினார்கள். மரம் போன இடத்தில் வெயில் நேரே சேற்றில் விழுந்தது. ஈரம் வற்ற வற்ற மண் சுருங்கி, தரை சற்றே தாழ்ந்து தாம்பாளம் போலக் குழிந்தது. ஏற்றத்தில் உள்ளே வந்த கடல்நீர் வற்றத்தில் வெளியேற வழியின்றி அங்கேயே தேங்கியது. தேங்கிய நீர் ஆவியாகி உப்பு ஏறியது. அலையாத்திகளிலேயே உப்பை மிகவும் தாங்கும் வெண்கண்டல்கூட அங்கே முளைக்க முடியவில்லை. காவிரியிலிருந்து பாமணியாறு, கோரையாறு வழியே வந்த நன்னீர் குறைந்ததும் நிலையை மோசமாக்கியது. 1990களில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் ஊர்மக்களும் சேர்ந்து இதற்குத் தீர்வு கண்டார்கள். அவர்கள் முதலில் மரம் நடவில்லை, வாய்க்கால் வெட்டினார்கள். நடுவே ஒரு பெரிய வாய்க்கால், அதன் இருபுறமும் சாய்வாகப் பிரியும் சிறு வாய்க்கால்கள். மேலிருந்து பார்த்தால் மீன்முள் போலத் தெரியும். ஏற்றத்தில் நீர் உள்ளே வந்து வற்றத்தில் வெளியேறத் தொடங்கியதும் உப்பு கரைந்து போனது. பிறகு வாய்க்கால் கரையில் ஊன்றிய வெண்கண்டல் விதைகள் பிடித்துக்கொண்டன. நீரில் மிதந்து வந்த விதைகளும் தாமாகவே வேர்விட்டன. நோய் நீரில் இருந்தது. மருந்தும் நீரிலேயே கிடைத்தது. காடு திரும்பியது.

மணல்மேடுகளின் பாடம் இன்னும் நுட்பமானது. கோடியக்கரையில் இராமர் பாதம் அமைந்த மேடுதான் அந்தப் பகுதியின் உயரமான இடம். மற்றதெல்லாம் கடல் மட்டத்தை ஒட்டிய தாழ்நிலம். கடலுக்கு இவ்வளவு அருகில் நல்ல தண்ணீர் எப்படிக் கிடைக்கிறது? மழைநீர் மணலில் இறங்கி, அடியில் ஊறி நிற்கும் உப்புநீரின் மேல், எடை குறைவு என்பதால், ஒரு வில்லை போல மிதக்கிறது. கடல் மட்டத்துக்கு மேல் ஒரு மீட்டர் உயரம் நன்னீர் நின்றால், கொள்கை அளவில் கீழே சுமார் 40 மீட்டர் வரை நன்னீர் தாங்கும் என்பது நிலத்தடிநீர் அறிவியலின் அடிப்படைக் கணக்கு. வேதாரண்யம் பகுதியின் மல்லிகையும் முல்லையும் மாவும் புகையிலையும் இந்த நீரைக் குடித்துத்தான் வளர்கின்றன. மேட்டை வெட்டிச் சமன்செய்தால் இழப்பது மணலை மட்டுமன்று; நன்னீர் மட்டம் தாழும் அளவுக்கு அடியிலுள்ள நன்னீர்க் கையிருப்பும் அதே கணக்கில் சுருங்கும். இந்த மேட்டைக் கட்டி நிறுத்துபவை பெரிய மரங்களும் அல்ல. ஊதா நிறப் பூப்பூத்துக் கணுவுக்குக் கணு வேர்விட்டு ஓடும் அடப்பங்கொடியும், ஊசி இலைகளோடு மணலைப் பற்றும் இராவணன் மீசைப் புல்லுமே முதல் காவலர்கள். காற்று கொண்டுவரும் மணல் இவற்றில் தடுக்கிப் படிகிறது, செடி மேலே ஏறுகிறது, மேடு வளர்கிறது. அதன் பின்னால்தான் தாழை, அதன் பின்னால் புன்னை. நெய்தல் பாடிய சங்கப் புலவர்கள் அடும்பு என்ற இந்த அடப்பங்கொடியையும் தாழையையும் புன்னையையும் திரும்பத் திரும்பக் காட்டினார்கள் என்றால், அவர்கள் கண்முன் இருந்த கரையின் அடுக்கு அது.

இங்கே நாலுவேதபதியைக் காட்டி ஒரு வலுவான மறுப்பு எழலாம். வேதாரண்யத்துக்கு வடக்கே உள்ள அந்தக் கடலோரக் கிராமத்தில் 2002இல் ஊரே திரண்டு ஒரே நாளில் 80,244 கன்றுகளை நட்டுக் கின்னஸ் சாதனை படைத்தது. இரண்டு ஆண்டுகளில் சுனாமி வந்தபோது அந்த மரவரிசை அலையின் வேகத்தைத் தணித்து ஊரைக் காத்தது என்று மக்கள் நன்றியோடு சொல்கிறார்கள். ஒரே நாள் நடவு பயனற்றது என்று எப்படிச் சொல்ல முடியும்? அப்படிச் சொல்லவில்லை. கடலூர் மாவட்டக் கரையில் செய்து 2005இல் வெளியான ஆய்வும், அடர்ந்த அலையாத்தியும் சவுக்கும் இருந்த இடங்களுக்குப் பின்னாலிருந்த ஊர்களில் சேதம் குறைவு என்றே கண்டது. அதே சமயம் பரங்கிப்பேட்டைப் பகுதி ஊர்களின் தரவுகளை மறுபடி கணக்கிட்ட வேறு ஆய்வாளர்கள், தரையின் உயரமும் கடலிலிருந்து உள்ள தூரமும் உயிர்ச்சேதத்தைப் பெரும்பாலும் விளக்கிவிடுகின்றன என்று காட்டினார்கள். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் விடை கிடைக்கிறது: மரமும் காக்கும், மேடும் காக்கும். மேட்டை வெட்டிச் சமன்செய்து சவுக்கு நடுவது ஒரு கவசத்தைக் கழற்றிவிட்டு இன்னொன்றை மாட்டிக்கொள்வது. மேலும் அலை தொடும் எல்லை வரை சவுக்கை நெருக்கினால், பங்குனி ஆமைகள் முட்டையிட வேண்டிய திறந்த மணல் மறைகிறது. அதன் ஊசிச் சருகு கனமாக மூடுவதால் கொடியும் புல்லும் எழுவதில்லை. நாலுவேதபதியின் வெற்றிக்குக் காரணம் எண்ணிக்கை மட்டுமா? ஊர் அந்த மரங்களைத் தன்னுடையவை என்று நினைத்துக் கன்றுப் பருவத்தைக் கடக்க வைத்ததை மறந்துவிட முடியாது. பின்பற்ற வேண்டியது அந்தப் பொறுப்பைத்தான்.

2018 நவம்பர் 16ஆம் தேதி விடியற்காலையில் கஜா புயல் இதே கரையில் ஏறியது. டெல்டாவின் தென்னந்தோப்புகள் சாய்ந்தன. கோடியக்கரைக் காடும் பெருஞ்சேதம் அடைந்தது. அதற்குப் பின் என்ன நடுவது என்ற கேள்வி எல்லோர் வாயிலும் வந்தது. விடை அந்தக் காட்டுக்குள்ளேயே இருக்கிறது. கோடியக்கரையின் உலர் பசுமைக்காடு, சோழமண்டலக் கரையில் இன்று கோயில் காடுகளாகத் துண்டுதுண்டாக எஞ்சியிருக்கும் அரிய காட்டு வகை. பாலை, நாவல், காயா, உகாய், களா, காரை என்று காற்றுக்கும் உப்புத் துளிக்கும் பழகிய குட்டையான, அடர்ந்த மரங்களும் புதர்களும் இதில் உண்டு. கோடையில் பழுக்கும் பாலைப்பழத்தைக் கையில் எடுத்துப் பாருங்கள். விரல் நுனி அளவு, மஞ்சள் நிறம், பிட்டால் உதட்டில் ஒட்டும் பால், உள்ளே வழவழவென்று மின்னும் செம்பழுப்பு விதை. சப்போட்டா ஒட்டுக்கட்ட வேர்ச்செடியாக நாற்றுப் பண்ணைகள் பயன்படுத்துவது இந்தப் பாலையைத்தான். ஆனாலும் மரம் நடும் விழாக்களில் இதன் கன்றைக் காண முடிவதில்லை. காரணம், இது மெதுவாக வளரும். மரத்தை ஆண்டில் ஓரிரு சாண் என்று வளரவிட விழாவுக்குப் பொறுமை இல்லை.

இளைஞர்கள் ஏன் இந்த வேலைக்கு இன்றியமையாதவர்கள் என்பதை விதையின் அறிவியலே சொல்கிறது. நெல்லையும் பயற்றையும் காயவைத்து அடுத்த பட்டம் வரை வைத்திருக்கலாம். நம் காட்டு மரங்கள் பலவற்றின் விதைகள் அப்படியல்ல. நாவல் கொட்டை காய்ந்தால் செத்துவிடும். பழம் விழுந்த சில வாரங்களுக்குள் மண்ணுக்குள் போக வேண்டும். வேப்பங்கொட்டையும் நெடுநாள் காத்திருக்காது. எந்த மரத்தில் எந்த வாரம் பழம் உதிர்கிறது என்று தெரிந்து, உதிர்ந்த நாளிலேயே பொறுக்கி, சதை நீக்கி ஊன்றத் தொலைதூரத்து நாற்றங்காலால் முடியாது. அந்தத் தெருவில் வாழ்பவரால், பள்ளிக்குப் போகும் வழியில் தினமும் அந்த மரத்தடியைக் கடப்பவரால் முடியும். நற்றிணையின் 172ஆம் பாட்டு இங்கே நினைவுக்கு வரும். தோழியரோடு விளையாடிய சிறுமி மணலில் மறைத்துவைத்த புன்னைக் கொட்டை முளைத்து, பாலும் நெய்யும் பெற்று வளர்ந்து, அவளுக்குத் தங்கை முறை ஆகிவிட்ட கதை அது. அன்பை நீக்கிவிட்டு வெறும் அறிவியலாகப் பார்த்தாலும் அதில் மூன்று செய்திகள் உள்ளன: மண்ணுக்குரிய இனம், நேரடி விதைப்பு, தொடர்ந்த கவனிப்பு. பாலித்தீன் பையில் நெடுநாள் இருந்த கன்றின் ஆணிவேர் அடியில் சுருண்டுவிடும். மணலில் நேரே முளைத்ததன் ஆணிவேர் தடையின்றி ஈரத்தைத் தேடி இறங்கும்.

பனை இதற்கு மிகச் சிறந்த எடுத்துக்காட்டு. 2023இல் தமிழ்நாட்டின் 14 கடலோர மாவட்டங்களில், 1,076 கிலோமீட்டர் கரை நெடுக, ஒரு கோடி பனை விதை நடும் பணி தொடங்கியபோது நாட்டு நலப்பணித் திட்ட மாணவர்கள் பெருமளவில் இறங்கினார்கள். நல்ல தொடக்கம், ஆனால் பனை எப்படி முளைக்கிறது என்று தெரிந்தவருக்கே அந்தப் பணியின் முழுப்பொருள் விளங்கும். ஊன்றிய கொட்டையிலிருந்து முதலில் வெளிவருவது இலையன்று. குழாய் போன்ற ஒரு தண்டு கீழ்நோக்கி மண்ணுக்குள் இறங்கி, கருவை அரை அடி, முக்கால் அடி ஆழத்துக்குக் கொண்டுபோய் வைக்கிறது. கொட்டைக்குள்ளே பருப்பு பஞ்சு போன்ற தவுனாக மாற, கீழே கிழங்கு திரள்கிறது. பொங்கலுக்கு நாம் அவித்துத் தின்பது இதைத்தான். மேலே பச்சை தெரிய மாதங்கள் ஆகும். அதன்பின்னும் பல ஆண்டுகள் தரையோடு ஓலை விரித்து அடியைப் பருக்க வைத்தபின்தான் மரம் நிமிரும். புகைப்படத்துக்கு எதுவும் அகப்படாத இந்தக் காலத்தில், இங்கே ஒரு விதை இருக்கிறது என்று அறிந்த ஒருவர் இல்லாவிட்டால் கிழங்குக்காகத் தோண்டப்படும், ஆடு மேய்ந்துவிடும், வரப்பு வெட்டும்போது போய்விடும். பனைக்குத் தேவை காவலும் ஒரு குறிப்பேடும்.

அந்தக் குறிப்பேடுதான் இக்கட்டுரை முன்வைக்கும் கருவி. விதை எந்த மரத்தடியில் எடுத்தது, எந்த நாளில் ஊன்றியது, மண் எப்படி, எப்போது முளைத்தது, ஒவ்வொரு பருவத்திலும் உயரம் என்ன, செத்திருந்தால் எதனால் என்று வரிசையாக எழுதிவர வேண்டும். இவற்றில் விலைமதிப்பற்றது கடைசிக் கட்டம். ஆடு மேய்ந்ததா, உப்பு ஏறியதா, வெள்ளம் நின்றதா என்று பத்து ஆண்டுச் சாவுகளைப் பதிந்த ஊர், பதினோராம் ஆண்டில் தவறு செய்வது கடினம். மண்ணைப் படிக்கப் பெரிய கருவியும் தேவையில்லை. உமரி படர்ந்திருந்தால் உப்பு மண்; கோரை நின்றால் நீர் தேங்கும் இடம்; அடப்பங்கொடி ஓடினால் இன்னும் நகரும் மணல். இளைஞர் தரும் பதிவுகளை நம்ப முடியுமா என்று ஐயுறுவோர் 2015 முதல் தமிழ்நாட்டில் நடந்துவரும் பொங்கல் பறவைக் கணக்கெடுப்பைப் பார்க்கலாம். மரங்கள் பூப்பதையும் காய்ப்பதையும் வாரந்தோறும் குறிக்கும் சீசன்வாட்ச் திட்டத்தில் கேரளப் பள்ளி மாணவர்கள் சேர்த்துவரும் தரவுகளைப் பார்க்கலாம்.

படிப்பு முடிந்ததும் திருப்பூருக்கும் சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் போய்விடும் பிள்ளைகளை நம்பி இருபது ஆண்டு மரத்தை எப்படி ஒப்படைப்பது என்பது அடுத்த கேள்வி. சென்னைக் கடற்கரையில் 1988 முதல் இயங்கும் மாணவர் கடலாமைப் பாதுகாப்புக் குழு இதற்கு விடை சொல்கிறது. தை, மாசி, பங்குனி மாதங்களின் இரவுகளில் மணலில் நடந்து, பங்குனி ஆமையின் தடம் பார்த்து முட்டையைப் பாதுகாப்பான பொரிப்பகத்துக்கு மாற்றி, குஞ்சுகளைக் கடலில் விடுகிறார்கள். அன்று நடந்த மாணவர்கள் இன்று நடுவயதைக் கடந்திருப்பார்கள். ஆட்கள் மாறினார்கள், நடை நிற்கவில்லை, எண்ணிக்கைப் பதிவும் நிற்கவில்லை. பொறுப்பு ஒரு தனியாளிடம் இல்லாமல் ஒரு மரபிடம் இருந்தது. மூத்த அண்ணன், அக்காமார் அடுத்த அணிக்குப் பழக்கிவிட்டுப் போனார்கள். பள்ளியில் எட்டாம் வகுப்பு பெறும் குறிப்பேட்டைப் பத்தாம் வகுப்புக்குப் போகும்போது அடுத்த எட்டாம் வகுப்பிடம் கொடுத்துவிட்டுப் போகலாம். பிள்ளைகள் ஊரைவிட்டுப் போவார்கள். பள்ளிக்கூடம் எங்கும் போகாது.

பிள்ளைகளைக் கூலியில்லா வேலையாட்கள் ஆக்குகிறோமா என்ற கவலையும் நேர்மையானது. அதற்குக் கோடு கிழித்துச் சொல்ல வேண்டும். சீமைக் கருவேலை வேரோடு பெயர்ப்பதும் வாய்க்கால் வெட்டுவதும் வேலியிடுவதும் கூலி கொடுத்துப் பெரியவர்களைக் கொண்டும் இயந்திரத்தைக் கொண்டும் அரசும் ஊராட்சியும் செய்ய வேண்டியவை. சரணாலயத்துக்குள் விதை பொறுக்கவோ ஊன்றவோ சட்டப்படி வனத்துறையின் அனுமதி வேண்டும். அதை மீறச் சொல்லிப் பிள்ளைகளைப் பழக்கக் கூடாது. அவர்களுக்கு உரிய களம் கோடியக்காடு, கோடியக்கரை, அகஸ்தியம்பள்ளி, வேதாரண்யம் ஊர்களின் பள்ளி வளாகம், குளக்கரை, கோயில் நிலம், தெருவோரம். 2001இல் தொடங்கிய தேசியப் பசுமைப் படையின் மன்றங்கள் பள்ளிகளில் இருக்கின்றன. புதிய அமைப்பு வேண்டாம்; இருக்கும் மன்றத்துக்கு ஆண்டு முழுவதும் செய்ய உண்மையான வேலை வேண்டும். கவனிப்பதும் அளப்பதும் காரணம் தேடுவதும் அறிவியல் பாடமே.

கடைசியாக, எண்ணிக்கை. 2022இல் தொடங்கிய பசுமைத் தமிழ்நாடு இயக்கம், மாநிலத்தின் மரப்போர்வையைச் சுமார் 24 விழுக்காட்டிலிருந்து 33 விழுக்காடாக உயர்த்த விரும்புகிறது. காலநிலை அவசரத்தில் இனம், இடம், பட்டம் என்று ஆராய்ந்துகொண்டிருக்க நேரம் உண்டா என்று கேட்பவர்களின் பதற்றம் புரிகிறது. ஆனால் கரியமிலவாயுவை உள்ளிழுப்பது பிழைத்த மரம் மட்டுமே. நூறு நட்டு எண்பது செத்தால் நாற்றங்கால் செலவும் பிள்ளைகளின் ஊக்கமும் சேர்ந்து வீணாகின்றன. தான் நட்டது காய்ந்ததை மூன்று முறை கண்ட பிள்ளை நான்காம் முறை நம்பிக்கையோடு குழி தோண்டாது. மேலும் 33 என்பது மாநிலம் முழுவதற்குமான கணக்கு. வெளிமானின் புல்வெளியையும் உள்ளானின் சேற்றையும் நிரப்பித்தான் அதை எட்ட வேண்டும் என்பதில்லை. குளக்கரைகளும் வாய்க்கால் கரைகளும் சாலையோரங்களும் இன்னும் வெறுமையாகக் காத்துக் கிடக்கின்றன.

ஆகவே கோடியக்கரை வட்டாரத்து ஆசிரியர்களுக்கும் ஊராட்சித் தலைவர்களுக்கும் பெற்றோருக்கும் ஒரு வேண்டுகோள். ஜூன் 5 அன்று கன்று நட வேண்டாம். அன்று பிள்ளைகளை அழைத்துப்போய் மண்ணைக் காட்டுங்கள். பழுக்கும் மரங்களை அடையாளம் காட்டி விதை பொறுக்கி உடனே நாற்றுப் போடச் சொல்லுங்கள். ஆவணியில் பனங்கொட்டை சேருங்கள். ஐப்பசி மழையில் நடுங்கள், இருபது நட்டாலும் போதும். ஒவ்வொன்றுக்கும் குறிப்பேட்டில் ஒரு பக்கம் ஒதுக்குங்கள். அடுத்த ஆண்டு விழா மேடையில் எத்தனை நட்டோம் என்று படிக்காதீர்கள். போன ஆண்டு நட்டதில் எத்தனை உயிரோடு இருக்கின்றன என்று ஒரு மாணவியை எழுந்து படிக்கச் சொல்லுங்கள்.